நாச்சியா வைத்த தண்ணீர்

சாய்ந்தமருது
12.10.1980

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நானும் நதீராவின் பிள்ளை ஸுல்பிகாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. ஜேர்மனியில் நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. குளிர் ஒத்துக்கொள்கிறதா, ஹலாலான சாப்பாடு கிடைக்கிறதா என்று உம்மா கேட்கச் சொன்னா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் நதீராவுக்குப் பிரசவம் பார்த்து அவளைக் கொன்ற மருத்துவமாது நாச்சியா, வேலையைத் திருப்பித் தரும்படி சுகாதார அலுவலகத்துக்கு மனுப் போட்டிருக்கிறாளாம். அவளைத் தற்காலிகமாகத்தானே நிறுத்தினார்கள், நிரந்தரமாக நீக்கவில்லையே என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மார்ச்சில் மறுவிசாரணை. இதைக் கேட்ட நாளிலிருந்து வகுப்பில் நின்று பாடம் நடத்த முடியவில்லை. பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன்.

நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சூறாவளி அடித்து நாலாம் நாள், பாதிக் கூரை போன வீட்டில், நதீராவுக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளை நல்லபடியாக வந்தது, நஞ்சுக்கொடி வரவில்லை. இரத்தம் நிற்கவில்லை. தென்னைகள் விழுந்து றோட்டு அடைபட்டிருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியுமில்லை. நாச்சியா உங்களைக் கூட்டிவர ஆள் அனுப்பினாள். கூடப்பிறந்தவளுக்குச் செய்ய எந்தக் காக்காவும் கூச்சப்படும் காரியத்தை, வேறு டொக்டர் இல்லாததால், நீங்கள் செய்தீர்கள். கையை விட்டுக் கொடியை எடுத்தீர்கள். இரத்தம் நின்றது. மூன்றாம் நாள் காய்ச்சல் தொடங்கியது. ஏழாம் நாள் நம் வீட்டிலிருந்து மையித்து போனது. மருத்துவமாதின் அசுத்தமான கையால் வந்த காய்ச்சல் என்று அறிக்கை எழுதியதும் நீங்கள்தான்.

அந்தக் கை இன்னொரு பெண்ணைத் தொடக்கூடாது. இன்னும் ஒரேயொரு கடிதம் எழுதுங்கள் காக்கா. டொக்டர் காலிதீன் எழுதினார் என்றால் அதற்கு மேல் பேச ஆளில்லை. நதீராவின் மாப்பிள்ளை சவூதிக்குப் போய்விட்டார், அவர் இனி இதற்கெல்லாம் வரமாட்டார். உங்களையும் என்னையும் விட்டால் அவளுக்காகக் கதைக்க யார் இருக்கிறார்கள்?

வஸ்ஸலாம்.
தங்கச்சி றாபியா


கீல்
9.11.1980

அன்புத் தங்கச்சி றாபியாவுக்கு,

அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் பதினாறு நாட்களில் வந்து சேர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ், சுகத்துக்குக் குறைவில்லை. மூன்றரை மணிக்கே பொழுது சாயத் தொடங்குகிறது. மீனும் சோறும் நானே சமைக்கிறேன். உம்மாவின் முழங்காலுக்கு ஒரு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன், வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே பெண்கள் வைத்தியப் பிரிவில் பயிற்சி. இந்த ஊரில் போன நூற்றாண்டில் ஒரு பேராசிரியர் இருந்தார், குஸ்தாவ் அடோல்ப் மிக்காயேலிஸ். எனக்குப் பெயர் புதிதல்ல. இடுப்பின் பின்புறத்தில் தெரியும் சாய்சதுரத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், கொழும்பில் பரீட்சைக்காகப் பாடமாக்கியது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதன் இருந்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். அவரை வளர்த்தது இங்கே பிரசவ வைத்தியப் பேராசிரியராக இருந்த மாமா. அந்த மாமாவின் காலத்துக்குப் பிறகு பிரசவ ஆஸ்பத்திரியும் மருத்துவமாதர் பள்ளிக்கூடமும் இவர் கைக்கு வந்தன. ஒடுங்கிய இடுப்புள்ள பெண்கள் பிரசவத்தில் சாவதைப் பார்த்துப் பொறுக்காமல், ஆயிரம் பெண்களை ஒவ்வொருவராக அளந்து குறித்தார். வாலிபத்தில் இந்தக் கடல் இரவில் ஏன் ஒளிர்கிறது என்றுகூட ஆராய்ந்திருக்கிறார். நம் கரையில் வலை இழுக்கும்போது தண்ணீர் நெருப்பாக மின்னுமே, அதேதான். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் காரணம் என்று நுணுக்குக்காட்டியில் கண்டார். கண்ணுக்குத் தெரியாததைத் தேடத் தெரிந்த மனிதர்.

நீ கேட்ட கடிதத்தைப் பற்றி யோசித்து எழுதுகிறேன். பிள்ளை இப்போது என்னென்ன கதைக்கிறாள் என்று எழுது.

அன்புடன்,
காலிதீன்


சாய்ந்தமருது
2.12.1980

காக்காவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம்.

நான் கேட்டது ஒரு கடிதம். நீங்கள் அனுப்பியது எவரோ ஒரு ஜேர்மன்காரரின் வரலாறு. உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடல் மின்னுகிற இடத்தில் சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நாளைக்கு நதீரா போய் இரண்டு வருடம். கத்தம் ஓத லெப்பைக்குச் சொல்லியிருக்கிறோம். இந்த நேரம் பார்த்து நேற்று நாச்சியா வீட்டுக்கே வந்து நின்றாள். வேலை போன பிறகு நற்பிட்டிமுனையில் தம்பியின் வீட்டில் இருக்கிறாள், கூலிக்கு நெல் குத்துகிறாளாம். கையெல்லாம் காய்த்துப்போயிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. வாசற் படலையிலேயே நிறுத்தி வைத்தேன்.

"காக்காட அட்ரஸ் தாங்க மகள். அவருக்கிட்ட ஒண்டு கேக்கணும்," என்றாள்.

என்ன கேட்கப்போகிறாய் என்றேன். "அதை அவருக்கிட்டத்தான் கேக்கணும்," என்று சொல்லிவிட்டு, என் பின்னால் நின்ற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவை அடைத்தேன். கொன்றவளுக்குப் பிள்ளையைப் பார்க்க என்ன உரிமை?

பிள்ளை என்னை உம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். உங்களைப் போட்டோவில் காட்டினால் "டொக்டர்" என்கிறாள். அவ்வளவுதான் கதைக்கிறாள்.

கடிதத்தை உடனே எழுதுங்கள்.

றாபியா


கீல்
14.1.1981

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். இங்கே கடலோரம் உறைந்து கிடக்கிறது. கத்தம் நல்லபடியாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன். நானும் அன்றைக்கு அறையில் தனியாக யாசீன் ஓதினேன்.

கோபப்படாமல் இதையும் வாசி. 1847ஆம் ஆண்டு அந்தப் பேராசிரியரின் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற பெண்கள் காய்ச்சலில் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் நஞ்சு என்றார்கள் சிலர், பெண்களின் பயம் என்றார்கள் சிலர். அவர் ஆஸ்பத்திரியையே மூடினார். மாதக்கணக்கில் மூடிவைத்துத் திறந்த பிறகும் காய்ச்சல் திரும்பி வந்தது. அப்போது வியன்னாவிலிருந்து ஒரு மாணவர் எழுதினார். அங்கே ஒரு வைத்தியர் காரணத்தைக் கண்டுவிட்டார், செத்த உடலை அறுத்துப் பார்த்த கையோடு வைத்தியர்கள் பிரசவ அறைக்கு வருகிறார்கள், அந்தக் கையில்தான் காய்ச்சல் வருகிறது, குளோரின் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினால் போதும் என்று.

பெரிய பேராசிரியர்கள் பலர் இதை அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கையா கொல்கிறது என்று கொதித்தார்கள். மிக்காயேலிஸ் கொதிக்கவில்லை. வாசலில் தண்ணீர் வைத்தார். மாணவரும் மருத்துவமாதரும் தானும் கழுவாமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்று கட்டளையிட்டார். சாவு ஏறக்குறைய நின்றே போனது.

அப்படியானால் முன்னே செத்தவர்களைக் கொன்றது யார் என்ற கேள்வி அவருக்கு உடனே வந்திருக்கும் அல்லவா? அதை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை.

நான் எழுதும்வரை சுகாதார அலுவலகத்துக்கு நீ எதையும் அனுப்பாதே. காரணம் கேட்காதே, சற்றுப் பொறு.

காலிதீன்


சாய்ந்தமருது
8.2.1981

காக்காவுக்கு,

ஸலாம். உம்மாவுக்கு எண்ணெய் கிடைத்தது.

நீங்கள் பொறுக்கச் சொன்னது வருவதற்கு முன்பே நான் மனு அனுப்பிவிட்டேன். எங்கள் தெருவில் பிள்ளை பெற்ற நாற்பத்தொரு பெண்களிடம் கையெழுத்து வாங்கினேன். மூன்று பேர் மறுத்தார்கள். தங்கள் பிள்ளைகளை நாச்சியாதான் எடுத்தாள், ஒரு குறையும் வரவில்லை என்றார்கள். அவர்களோடு இனி எனக்குக் கதை இல்லை. விசாரணை மார்ச் இருபதாம் திகதி. சாட்சி சொல்ல என்னையும் அழைத்திருக்கிறார்கள்.

ஏன் பொறுக்க வேண்டும்? ஏன் காரணம் கேட்கக்கூடாது? வயலில் தண்ணீர் திறக்கிறவனுக்குக்கூட அதற்கொரு காரணம் உண்டு. நீங்கள் முன்பெல்லாம் இப்படி எழுதுகிறவரில்லை. மருந்துச் சீட்டு மாதிரி நாலு வரி எழுதுவீர்கள், அதில் எல்லாம் இருக்கும். இப்போது நாலு பக்கம் வருகிறது, என் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

நீங்கள் சொல்ல வருவது எதுவோ, அதை நேராகச் சொல்லுங்கள். நான் பள்ளிக்கூட வாத்தியார், கதைக்குள் பொடி வைத்தால் எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த அறையில் விளக்கையும் துணியையும் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

றாபியா


கீல்
26.2.1981

றாபியா,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

பேராசிரியரின் குடும்பத்தில் ஒரு பெண், அவருடைய நெருங்கிய உறவுக்காரி, மிகவும் பாசமானவள். காய்ச்சலில் செத்த பெண்களின் உடல்களை அவர் அறுத்துக்கொண்டிருந்த நாட்களில் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு அவரே அவளைப் பரிசோதித்தார். அவளும் காய்ச்சலில் போனாள். வியன்னாச் செய்தி வந்த பிறகு அவருக்கு எல்லாம் துலங்கியது. தன் கைதான் என்று ஒரு கடிதத்தில் எழுதிவைத்தார். அந்தக் கடிதம் பிற்காலத்தில் அச்சிலும் வந்திருக்கிறது. அகராதியோடு இருந்து எழுத்தெழுத்தாக வாசித்தேன்.

இனி என் கதை.

பிள்ளை பிறந்த அன்று காலையில் நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். களப்போரத்திலும் வயலிலும் எடுத்து வந்த மையித்துகளைப் பள்ளிக்கூட மண்டபத்தில் கிடத்தியிருந்தார்கள். சூறாவளியில் செத்து நாலு நாள் தண்ணீரில் கிடந்தவை. அடக்குவதற்கு முன் பார்த்துக் கையொப்பம் வைக்க நான் ஒருவன்தான். இருபதுக்கு மேல் பார்த்தேன். புரட்டினேன், தொட்டேன். நதீராவுக்கு இரத்தம் போகிறது என்று ஆள் வந்தபோது கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

வாசலில் நாச்சியா ஒரு சட்டியில் டெட்டோல் தண்ணீர் வைத்திருந்தாள். சவர்க்காரமும் வைத்திருந்தாள். கழுவச் சொன்னாள். நான் தள்ளிவிட்டுப் போனேன். அந்தக் கையால்தான் கொடியை எடுத்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி மருந்தறை கூரையோடு போயிருந்தது. தேடி எடுத்த பெனிசிலின் ஒன்றரை நாளைக்குத்தான் காணும். விசாரணையில் என் பேனா தானாக ஓடியது. அந்த வரியை எழுதிய பிறகு அதையே நானும் நம்பத் தொடங்கினேன். இரண்டு வருடம் நம்பினேன்.

அந்த மனிதர் 1848 ஆகஸ்டில், லேர்ட்டே என்ற ஊரில், வருகிற ரயிலின் முன்னால் விழுந்தார். வயது ஐம்பது. நான் தினமும் ரயில் நிலையத்தைத் தாண்டித்தான் போகிறேன். அவரை எனக்கு விளங்குகிறது.

காலிதீன்


கீல்
2.5.1981

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டு மாதமாகிறது. என் கடிதம் வந்ததா? விசாரணையில் என்ன நடந்தது? உம்மா சுகமா, பிள்ளை சுகமா? கோபமாக இருந்தாலும் ஒரு வரி எழுது.

காலிதீன்


சாய்ந்தமருது
19.5.1981

காலிதீன் காக்காவுக்கு,

உங்கள் கடிதம் மார்ச் பன்னிரண்டாம் திகதி வந்தது. விசாரணைக்கு எட்டு நாள் முன்பு.

ஐந்து நேரமும் வுளுச் செய்கிற ஆட்கள் நாங்கள். தொழப் போகுமுன் முழங்கை வரைக்கும் கழுவத் தெரிந்த உங்களுக்கு, மையித்தைத் தொட்ட கையோடு தங்கச்சியைத் தொடக்கூடாது என்று தெரியவில்லை. நீங்கள் வைத்தியம் படிக்க உம்மா காப்பை விற்றா. எட்டாம் வகுப்புப் படித்த நாச்சியாவுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை. நூற்றுமுப்பது வருடத்துக்கு முந்திய ஒருவரின் வரலாற்றை வாசித்துத்தான் உங்கள் கை உங்களுக்குக் கண்ணில் பட்டதா?

எழுதி எழுதிக் கிழித்தேன். ஏனென்றால் உங்களை ஏசத் தொடங்கினால் ஒவ்வொரு தடவையும் அது என்னிடம் வந்து நிற்கிறது.

விசாரணையைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். உங்கள் கடிதம் என் கைப்பையில் இருந்தது. நாச்சியாவை முதலில் விசாரித்தார்கள். "நான் தண்ணி வெச்சன். டொக்டர் தம்பிக்கிட்ட கையக் கழுவுங்க எண்டு செல்லியும் பாத்தன்," என்றா. அப்படி எதுவும் டொக்டரின் அறிக்கையில் இல்லையே என்று அதிகாரி கேட்டார். அறையில் இன்னொரு ஆள் இருந்தாங்க, அவங்களிடம் கேளுங்கள் என்று என்னைக் காட்டினா. அதிகாரி என் பக்கம் திரும்பி, தண்ணீர் இருந்ததா என்றார்.

எனக்கு ஞாபகமில்லை என்றேன்.

கைப்பை மடியில் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். நம் குடும்பத்தின் மானம், உங்கள் டொக்டர் பட்டம், உம்மாவின் முகம், எல்லாம் அதற்குள் இருப்பது போல இருந்தது. அன்றைக்கே நாச்சியாவை நிரந்தரமாக நீக்கினார்கள். வெளியே வந்து என்னைக் கடந்து போனா.

இன்னும் முடியவில்லை. நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. மறந்தீர்களா, என்மேல் இரக்கப்பட்டு விட்டீர்களா தெரியாது. நாச்சியா சட்டியை நீட்டியபோது, "கழுவிக்கிட்டு நிக்க நேரமில்ல, முதல்ல அவளப் பாருங்க காக்கா," என்று சொன்னது நான். என் வாயால் சொன்னேன். நதீரா கத்திக்கொண்டிருந்தாள், எனக்கு அது தாங்கவில்லை. இரண்டரை வருடமாக நாச்சியாவை நான் ஏசியதெல்லாம் அந்த ஒரு வசனம் வெளியே வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

அந்த ரயிலைப் பற்றி இனி ஒருபோதும் எனக்கு எழுத வேண்டாம். எங்களூரில் ரயில் இல்லை. கடல் இருக்கிறது, வீட்டிலிருந்து நூறு யார் தூரம். நான் போகவில்லை. காலையில் பிள்ளைக்குப் பால் காய்ச்ச வேண்டும், பள்ளிக்கூடம் போக வேண்டும். தன்னைத்தானே கொல்வது ஹறாம் என்று நான் உங்களுக்கு ஓதித்தர வேண்டியதில்லை. அந்த மனிதர் செய்தது இரண்டு. தன் கைதான் கொன்றது என்று எழுதி ஒப்பமிட்டார். பிறகு ரயிலின் முன்னால் விழுந்தார். நீங்கள் முதலாவதைச் செய்யாமலே இரண்டாவதைப் பற்றி யோசிக்கிறீர்கள். அவருடைய சாவால் ஒரு பெண்ணும் பிழைக்கவில்லை. அவர் வாசலில் தண்ணீர் வைத்ததால்தான் பிழைத்தார்கள்.

சுகாதார அலுவலகத்துக்கு எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில், உங்கள் பதிவு இலக்கத்தோடு. கதை வேண்டாம். பிரதியை எனக்கு அனுப்பாமல் நாச்சியாவுக்கு அனுப்புங்கள். அட்ரஸ் கீழே தருகிறேன். அன்றைக்கு அவவுக்கு உங்களுடையதைக் கொடுக்காத நான்தான் இதை எழுதுகிறேன்.

றாபியா


கீல்
10.6.1981

தங்கச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும். அனுப்பிவிட்டேன். பதிவுத் தபால். ஒன்பது வரி. என் கை, நான் தொட்டு வந்த மையித்துகள், நாச்சியா வைத்த தண்ணீர், நான் எழுதிய பொய், எல்லாம் இருக்கிறது. உன் பெயர் அதில் இல்லை. அதை எழுதுவதா இல்லையா என்பது உன் பாடு.

பயிற்சி நிற்கலாம். இங்கே என் பேராசிரியரிடமும் சொன்னேன். நாளைக் காலையும் வேலைக்கு வா என்றார்.

ரயில் நிலையம் வழியாகப் போவதை விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு கால்வாய், அதன் கரையால் போகிறேன். தூரம் கூட. பரவாயில்லை.

காலிதீன்


சாய்ந்தமருது
11.10.1981

காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம்தானே? இதைக் கேட்டு ஒரு வருடமாகிறது. உண்மையாகத்தான் கேட்கிறேன். உம்மா சுகம். பிள்ளை ஒரு வாரம் காய்ச்சலாக இருந்தாள், இப்போது தேறிவிட்டாள்.

நானும் எழுதிக் கொடுத்தேன். ஞாபகமில்லை என்று நான் சொன்னது பொய் என்று எழுதினேன், அறையில் நான் சொன்ன வசனத்தையும் எழுதினேன். கையெழுத்துப் போட்ட நாற்பத்தொரு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். சிலர் முகத்துக்கு நேரே ஏசினார்கள். ஒருத்தி கதவைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் கதை பரவிவிட்டது. அதிபர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன்.

உம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. தொழுகைப் பாயிலேயே இருந்தா. மூன்றாம் நாள் என்னைப் பார்த்து, "அவன் அங்க ஒழுங்காத் திங்கிறானாமா?" என்று கேட்டா. உங்கள் போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்தது யாரென்று நான் கேட்கவில்லை.

நற்பிட்டிமுனைக்குப் போனேன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். நாச்சியா உரலில் நின்றா. நீங்கள் அனுப்பிய பிரதி அதற்குள் வந்திருந்தது, இங்கிலீஷில் இருந்ததால் தம்பி மகன் வாசித்துக் காட்டியிருந்தானாம். நான் எழுதியதன் பிரதியையும் நீட்டினேன். உலக்கையைச் சாத்திவிட்டு, சேலையில் கையைத் துடைத்து, வாங்கித் தானே வாசித்தா. நான் அழுதேன். அழவேண்டாம் என்று அவ சொல்லவில்லை.

"ரெண்டரை வருசமா ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கி, நான் தண்ணி வெச்சன், தண்ணி வெச்சன் எண்டு செல்லிட்டன். ஒரு ஆளும் எழுதிக்கொள்ளல்ல. இப்ப நீங்க ரெண்டு பேரும் எழுதின பிறகுதான் நான் தண்ணி வெச்சதா ஆகுதா?" என்றா.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மன்னித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். அவ பிள்ளையை மட்டும் கிட்டக் கூப்பிட்டு, தலையைத் தடவி, மூக்கையும் காதையும் பார்த்தா. இது பிறக்கும்போது தொப்புள்கொடி கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது, அதை எடுத்துவிட்டது நான், அது உங்கள் யாருடைய அறிக்கையிலும் இல்லை என்றா. எனக்கு அது தெரியாது, காக்கா. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றும் நான் நதீராவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் வேலை திரும்பக் கிடைத்தது. பழைய இடம் இல்லை, நாவிதன்வெளியில். நடுவில் போன காலத்தைப் பற்றி அலுவலகம் ஒன்றும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஏழே கால் பஸ்ஸில் கிட்டங்கியைத் தாண்டிப் போகிறா. வெள்ளைச் சேலை, கறுப்புப் பெட்டி.

வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அதனால் அன்றைக்கு அவ பஸ் ஏறும் நற்பிட்டிமுனைச் சந்தியில் போய் நிற்கிறேன். மூன்று வெள்ளி போய்விட்டது. ஸலாம் சொல்வேன். வாய்க்குள் பதில் சொல்வா, அது கடமை. பிறகு பஸ் வரும்வரை மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பா. என்னை அவ பார்க்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. எனக்கு வருகிற கோபத்தை அங்கே நின்றுதான் விழுங்குகிறேன். யார்மேல் கோபம் என்று எனக்கே சில நேரம் தெரிவதில்லை.

உங்கள் பொய் அறிக்கையைப் பற்றிய விசாரணைக்கு வரச் சொல்லி உங்களுக்கும் கடிதம் வரும். வாருங்கள். பதவி போகுமோ என்று என்னைக் கேட்க வேண்டாம். எனக்குத் தெரியாது. வந்து இறங்கினால் முதலில் நம் வீட்டுக்கு வராதீர்கள், உம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். பெட்டியோடு நேரே நற்பிட்டிமுனைச் சந்திக்குப் போங்கள். ஏழு மணிக்கே போய்விடுங்கள்.

அவ உங்களைத் திரும்பிப் பார்க்கமாட்டா. பஸ் போகும்வரை நில்லுங்கள்.

வஸ்ஸலாம்.
தங்கச்சி றாபியா